இன்பாஸ் காப்புரிமைத் தேடல் சேவை: டெல்டாவின் புத்தாக்கத்தை இதைக் கொண்டு அளக்கலாமா?

இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2015-ஆம் ஆண்டு முதல் ‘இன்பாஸ்’ என்ற பெயரில் ஒரு தேடல் சேவையை நடத்தி வருகிறது. இதற்குக் கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்துவிட்டால், நாட்டில் வெளியிடப்பட்ட காப்புரிமை விண்ணப்பங்களையும் வழங்கப்பட்ட காப்புரிமைகளையும் எவரும் தேடிப் படிக்கலாம். காப்புரிமை முகவர்களும் வழக்கறிஞர்களும் இதைத் தொழில் தேவைக்காகத் திறக்கிறார்கள்; தங்கள் கட்சிக்காரரின் கண்டுபிடிப்பை முன்பே வேறொருவர் பதிந்துவிட்டாரா என்பதே அவர்களுடைய கேள்வி. நான் வேறொரு கேள்வியோடு இதை அணுகினேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களும் புத்தாக்கத்தில் எங்கே நிற்கின்றன என்று இதிலிருந்து கிடைக்கும் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியுமா? இம்மதிப்புரை அந்த ஒரு பயன்பாட்டை மட்டுமே கருதுகிறது.

கேள்வி வீணானதன்று. மாநிலங்களை வரிசைப்படுத்தும்போது காப்புரிமை விண்ணப்பங்களின் எண்ணிக்கையே முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அதில் முன்னணியில் இருப்பது மேடைதோறும் பேசப்படுகிறது. அதே கோலை மாவட்ட அளவுக்கு இறக்கி வைத்தால், நெல்லும் நெசவும் உலோக வார்ப்பும் தொழிலாகக் கொண்ட காவிரிப் படுகை ஏதும் புதிதாகச் செய்யாத நிலப்பரப்பாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித் திட்டமும் நிதியும் வகுக்கப்படுமானால், கோல் நேரானதுதானா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

சேவையின் அமைப்பு எளிமையானது. வெளியிடப்பட்டவை, வழங்கப்பட்டவை என்ற இரண்டு தொகுப்புகளில் ஒன்றையோ இரண்டையுமோ தேர்ந்துகொள்ளலாம். தேதி வரம்பு இடலாம். தலைப்பு, சுருக்கம், முழு விவரக்குறிப்பு, விண்ணப்பதாரர் பெயர், அவரது முகவரி, கண்டுபிடிப்பாளர் பெயர், அவரது முகவரி, பன்னாட்டு வகைப்பாட்டு எண் என்று பல புலங்கள் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று இணைத்தும் விலக்கியும் தேடலாம். இடைமுகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. விண்ணப்ப எண்ணைச் சொடுக்கினால் சுருக்கமும் விவரக்குறிப்பும் விரியும். அங்கிருந்து விண்ணப்பத்தின் நிலையையும், வழங்கப்பட்டதாயின் மின்பதிவேட்டையும் பார்க்கலாம்.

இவற்றுள் வட்டார ஆய்வுக்கு உண்மையில் உதவுவது கண்டுபிடிப்பாளர் முகவரி என்ற ஒரே புலம்தான். இந்த ஒன்றுக்காகவே இச்சேவையை நான் கூகுள் பேட்டன்ட்ஸுக்கு மேல் வைக்கிறேன். கூகுளின் தேடல் வேகமானது, இந்திய ஆவணங்களும் அதில் கிடைக்கின்றன. ஆனால் அதன் பக்கங்களில் கண்டுபிடிப்பாளரின் பெயர் இருக்குமே தவிர முகவரி இருக்காது. ஊர் தெரியாமல் ஊரின் கணக்கை எழுத முடியாது.

ஆயினும் பலரும் செய்வது, விண்ணப்பதாரர் முகவரியில் ‘தஞ்சாவூர்’ என்று இட்டு, வரும் எண்ணை எழுதிக்கொள்வது. அங்கேதான் கணக்கு தடம் மாறுகிறது. விண்ணப்பதாரர் என்பவர் உரிமைக்குச் சொந்தக்காரர். பெரும்பாலும் ஒரு நிறுவனம். அதன் முகவரி பெரும்பாலும் தலைமையகம். ஆடுதுறையில் 1922-இல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. ஆகவே அங்கே உருவாகும் கருவி ஒன்றுக்குப் பல்கலைக்கழகம் விண்ணப்பித்தால் அது கோயம்புத்தூரின் கணக்கில் ஏறும். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வகங்கள் அனைத்துக்கும் விண்ணப்பதாரர் தில்லியில் உள்ள அக்குழுமமே என்பதால், டெல்டாவுக்குத் தெற்கே காரைக்குடியில் மின்வேதியியலாளர்கள் செய்யும் வேலை தில்லிக்குப் போய்ச் சேர்கிறது. திருச்சியில் கொதிகலன் செய்யும் பெல் நிறுவனத்துக்கும் தலைமையகம் தில்லியில்தான் இருக்கிறது. இதற்கு நேர்மாறான வழியும் உண்டு: மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினம் என்பதால், அதன் தூத்துக்குடிக் கல்லூரியிலோ பொன்னேரிக் கல்லூரியிலோ நடந்த ஆய்வு பல்கலைக்கழகத்தின் பெயரில் போகும்போது நாகையின் பெருமையாகப் பதிவாகக்கூடும். விண்ணப்பதாரர் முகவரியை எண்ணுகிறவர் தலைமை அலுவலகங்களைத்தான் எண்ணுகிறார். ஐரோப்பிய ஆய்வாளர்களும் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பும் வட்டாரக் கணக்குக்குக் கண்டுபிடிப்பாளரின் முகவரியை எடுப்பது இதனால்தான்.

கண்டுபிடிப்பாளர் முகவரிக்கு மாறினாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரை அவரவர் விரும்பியபடி எழுதுகிறார்கள். தளம் எழுதியதை அப்படியே தேடுகிறது. தஞ்சாவூருக்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. திருவாரூரை முதலெழுத்துக்குப் பின் ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். நாகப்பட்டினத்திலும் இரட்டிக்கும் எழுத்துகள் மாறிமாறி வரும். ஒவ்வொரு வடிவத்தையும் இட்டுத் தேடி, இரட்டிப்பாக வந்தவற்றை நீக்க வேண்டும். இதைவிட நம்பகமானது அஞ்சல் குறியீட்டு எண் வழியாகத் தேடுவது: தஞ்சாவூர் 613, கும்பகோணம் 612, நாகப்பட்டினம் 611, திருவாரூர் 610, மயிலாடுதுறை 609, மன்னார்குடியும் பட்டுக்கோட்டையும் 614 என்று தொடங்கும். ஆனால் அஞ்சல் துறை வருவாய்த் துறையைக் கேட்டு எல்லை வகுக்கவில்லை. 609-இல் தேடினால் புதுச்சேரி ஒன்றியத்தைச் சேர்ந்த காரைக்காலும் உள்ளே வரும். 614-இல் தேடினால் புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் வரும். முகவரியைக் கண்ணால் படித்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஆண்டு வாரியாக ஒப்பிட விரும்புகிறவருக்கு இன்னொரு தடை உண்டு. நாகப்பட்டினம் 1991-இலும் திருவாரூர் 1997-இலும் மயிலாடுதுறை 2020-இலும் தனி மாவட்டங்களாயின. சீர்காழியில் வசிக்கும் ஒருவர் 2018-இல் விண்ணப்பித்தபோது நாகை மாவட்டத்துக்காரர்; 2022-இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர். மாவட்டப் பெயரை மட்டும் நம்பினால் நாகையில் புத்தாக்கம் சரிந்ததாகவும் மயிலாடுதுறையில் திடீரென்று முளைத்ததாகவும் வரைபடம் காட்டும். பழைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தையே ஓர் அலகாகக் கொள்வது இக்காரணத்தால் வசதியானது. விவசாயிகளுக்கும் அது பழகிய எல்லைதான்.

இனி எதை எண்ணுவது என்பதற்கு வருவோம். இச்சேவையின் முகப்பில் உள்ள ‘வெளியிடப்பட்டவை’ என்ற தொகுப்பே பெரும் குழப்பத்துக்குக் காரணம். விண்ணப்பம் ஒன்று கொடுக்கப்பட்டால், விலக்கிக்கொள்ளப்படாத வரை, முன்னுரிமைத் தேதியிலிருந்து (அக்கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) 18 மாதங்கள் முடிந்ததும் அது காப்புரிமை இதழில் வெளியாகும். அவ்விதழ் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. படிவம் 9 கொடுத்துத் தனிக் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள்ளாகவே வெளியிடுவார்கள். அந்தக் கட்டத்தில் அதன் புதுமையை எவரும் சோதித்திருக்க மாட்டார்கள்; சோதனைக்கு வேறு படிவம், வேறு கட்டணம். ஆகவே ‘வெளியிடப்பட்டது’ என்றால் விண்ணப்பம் கைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் பொருளில்லை. மாணவர் சேர்க்கைக் காலத்தில் கும்பகோணத்திலும் தஞ்சையிலும் பேருந்து நிலையங்களைச் சுற்றி நிற்கும் கல்லூரிப் பதாகைகளில் ‘இத்தனை காப்புரிமைகள்’ என்று வருகிற எண்ணைப் பார்க்கும்போது, அவற்றுள் வழங்கப்பட்டவை எத்தனை என்று பெற்றோர் ஒருவராவது கேட்க வேண்டும் என்பது என் ஆசை. விடையை இதே தளத்தில் இலவசமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரிகளை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு, வெளியிடப்பட்ட காப்புரிமைக்கும் வழங்கப்பட்ட காப்புரிமைக்கும் மதிப்பெண் தருகிறது. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டது. பெரிய நிறுவனம் இணையவழி விண்ணப்பத்துக்கு ரூ.8,000 கட்டும் இடத்தில் கல்லூரி ரூ.1,600 கட்டினால் போதும். விலை குறைந்து, மதிப்பெண்ணும் கிடைக்கும் பொருளை எவரும் நிறைய வாங்கத்தான் செய்வார்கள். எண்ணிக்கை ஏறியதற்குக் கண்டுபிடிப்பு பெருகியது எவ்வளவு காரணம், இக்கணக்கு எவ்வளவு காரணம் என்பதை எண்ணிக்கையே பிரித்துச் சொல்லாது. டெல்டாவில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. இங்கே ஆராய்ச்சிப் பிரிவு வைத்திருக்கும் தொழிற்சாலைகள் அரிது. ஆகவே மாவட்டத்தின் எண் பெரும்பாலும் இரண்டு மூன்று உயர்கல்வி நிறுவனங்களின் எண்ணாகவே இருக்கும், அவற்றுள் ஒன்று தன் கொள்கையை மாற்றிக்கொண்டால் மாவட்டமே ‘முன்னேறிவிடும்’.

வழங்கப்பட்டவற்றை மட்டும் எண்ணினால் தப்பித்துக்கொள்ளலாமா என்றால், முழுமையாக இல்லை. 2022-23-இல் இந்தியாவில் 34,134 காப்புரிமைகள் வழங்கப்பட்டன. 2023-24-இல் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. நாடு ஓராண்டில் மூன்று மடங்கு அறிவாளியாகிவிடவில்லை. தேங்கிக் கிடந்த கோப்புகளை அலுவலகம் வேகமாக முடித்தது. பாராட்டுக்குரிய நிர்வாகச் செயல், ஆனால் புத்தாக்கத்தின் அளவன்று. வழங்கிய ஆண்டை எடுத்துக்கொண்டால் அலுவலகத்தின் வேகம்தான் தெரியும். கண்டுபிடித்த காலத்துக்கு அருகில் நிற்பது முன்னுரிமைத் தேதி. எனவே வழங்கப்பட்டவற்றைத் தேர்ந்து, அவற்றை முன்னுரிமை ஆண்டின்படி அடுக்குவதே முறை. இதற்கு ஒரு விலை உண்டு: கடைசிச் சில ஆண்டுகளின் விண்ணப்பங்கள் இன்னும் சோதனையில் இருக்கும் என்பதால் அவ்வாண்டுகள் குறைவாகத் தெரியும், அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம்.

கூட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் இன்னொரு சிக்கல். வெவ்வேறு மாநிலக் கல்லூரிகளைச் சேர்ந்த எட்டுப் பத்துப் பேர் ஒரே விண்ணப்பத்தில் இடம்பெறுவது இப்போது அபூர்வமன்று. அதில் ஒருவர் மன்னார்குடிக்காரர் என்பதற்காக முழு ஒன்றையும் திருவாரூருக்கு எழுதினால், அதே ஒன்றை மற்ற மாவட்டங்களும் முழுதாக எழுதிக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு என்று பின்னமாக எழுதுவதே நேர்மை. தளம் இதைச் செய்து தராது; தர வேண்டும் என்றும் இல்லை, அது அதற்காக உருவாக்கப்பட்டதன்று.

இதுவரை சொன்னவை உழைத்தால் திருத்தக்கூடியவை. எவ்வளவு உழைத்தாலும் திருத்த முடியாத குறை ஒன்று இருக்கிறது. அது தளத்தினுடையதன்று, சட்டத்தினுடையது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியலிடுகிறது. அதில் வேளாண்மை, தோட்டக்கலை முறைகள் விலக்கப்பட்டுள்ளன. நுண்ணுயிர்கள் நீங்கலாகத் தாவரங்களும் விலங்குகளும் விதைகளும் இரகங்களும் விலக்கப்பட்டுள்ளன. மரபறிவும் விலக்கப்பட்டுள்ளது. இவை நியாயமான விலக்குகள், உழவர்களைக் காப்பவை. அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் டெல்டா இத்தனை நூற்றாண்டுகளாக எதில் புதுமை செய்து வந்ததோ, ஏறத்தாழ அது முழுவதும் இந்த மூன்று விலக்குகளுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆடுதுறையில் ஜப்பானிக்கா, இண்டிகா நெல் வகைகளைக் கலந்து உருவாக்கி 1965-இல் வெளியிடப்பட்ட ஏடிடி 27 என்ற குறுகிய கால இரகம், தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் நடந்துகொண்டிருந்த தஞ்சை மாவட்டத்தில் குறுவைப் பரப்பையும் விளைச்சலையும் மாற்றியமைத்தது. அதன் பின் விளைந்த நெல்லே புதிய இடரையும் கொண்டுவந்தது. குறுவை அறுவடை ஐப்பசி மழையை ஒட்டி வரும். களத்தில் காய வைக்க வெயில் இராது. ஈர நெல் சூடேறி முளைவிட்டுக் கெடும். அந்நாள்களில் திருவாரூரில் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967-இல் ஒரு சிறு ஆய்வகம் அமைக்கப்பட்டு, மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்ரமணியனின் வழிகாட்டுதலில், சாதாரண உப்பைக் கொண்டு ஈர நெல்லைக் கெடாமல் காக்கும் முறை கண்டறியப்பட்டது. அந்தச் சிறு ஆய்வகம் நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம் மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக நிற்கிறது. அந்நிறுவனத்தின் இன்றைய காப்புரிமைகள் இன்பாஸில் தேடினால் கிடைக்கும். அதன் பிறப்புக்கே காரணமான உப்பு முறையும், அதற்கு முன் வந்த ஏடிடி 27-உம் எண்ணிக்கையில் பூஜ்யம்.

நெல்லை விட்டுக் கைத்தொழிலுக்கு வந்தாலும் அதே நிலைதான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் ஆசாரிமார்களுள் ரங்கநாதன் ஆசாரி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தேவைக்கேற்பக் குழலின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றி, சுத்த மத்தியமம் என்ற சுரம் துல்லியமாகப் பேசும் பாரி நாகசுரத்தைச் செய்தார். அதுவரை வழக்கில் இருந்த திமிரிக் குழல் பின்னுக்குப் போயிற்று. பயன்படுத்துகிறவர் குறை சொல்ல, செய்கிறவர் அளவு மாற்றி, மீண்டும் வாசிக்க வைத்துப் பார்த்துத் திருத்துகிற இந்த நடைமுறைக்குப் பொறியியல் கல்லூரிகளில் தனிப் பாடத்தாளே இருக்கிறது. ஆசாரி எந்தப் படிவமும் நிரப்பியதாக வரலாறு இல்லை. ஊருக்குக் கிடைத்த ஆவணச் சான்று 2022-இல் வந்த புவிசார் குறியீடுதான்.

ஹார்வர்டு பொருளியலாளர் ட்ஸ்வி கிரிலிக்கஸ் 1990-இல் காப்புரிமைப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து மூன்று தடைகளைச் சுட்டினார்: எல்லாக் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை கிடையாது, கிடைக்கக்கூடியவற்றுள்ளும் எல்லாவற்றுக்கும் எவரும் விண்ணப்பிப்பதில்லை, பெற்றவையும் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். அமெரிக்காவை மனத்தில் வைத்து எழுதியவர் அவர். ஆலைகள் நிறைந்த நாட்டில் முதல் தடை சிறியது. காவிரிப் படுகையில் அதுவே எல்லாவற்றிலும் பெரியது.

மூன்றாவது தடையான தரத்துக்கு இச்சேவையிலேயே ஒரு மருந்து இருக்கிறது. கணக்கெடுப்பவர்கள் அதை அதிகம் கவனிப்பதில்லை. வழங்கப்பட்ட காப்புரிமையின் மின்பதிவேட்டைத் திறந்தால் அது இன்னும் நடப்பில் உள்ளதா, புதுப்பிக்காமல் விடப்பட்டதா என்று தெரியும். காப்புரிமை 20 ஆண்டு நீடிக்க வேண்டுமானால் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் கட்டிவர வேண்டும். தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் அது ஆண்டுக்கு ரூ.800-இல் தொடங்கி, கடைசி ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு ரூ.8,000 வரை ஏறும். ஒரு கண்டுபிடிப்புக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்று அதன் சொந்தக்காரரே நம்புகிறாரா என்பதற்கு, அவர் பத்தாம் ஆண்டிலும் பணம் கட்டுகிறாரா என்பதைவிட மலிவான சோதனை கிடையாது. பதாகை அச்சடித்ததோடு கைவிடப்பட்டவை இங்கே தாமாகவே உதிர்ந்துவிடும். மாவட்டத்துக்கு ஒரே எண்தான் சொல்ல வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால், விண்ணப்பங்களை விட்டுவிட்டு, ஏழாம் ஆண்டைக் கடந்தும் நடப்பில் இருப்பவற்றைத்தான் சொல்வேன்.

சட்டம் விலக்கியவற்றுக்கு வேறு பதிவேடுகளை நாட வேண்டும், அவையும் அரசினுடையவை, பொதுமக்கள் பார்க்கக்கூடியவை. 2001-ஆம் ஆண்டுத் தாவர இரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடக்கும் பதிவேட்டில் ஆராய்ச்சி நிலைய இரகங்களோடு உழவர் இரகங்களும் தனி வகையாகப் பதியப்படுகின்றன. நெல் ஜெயராமன் போன்றோர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல்களை மீட்டெடுத்த பகுதிக்கு இதுவே பொருத்தமான கணக்கு. சென்னையிலிருந்து இயங்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் சுவாமிமலை வெண்கலப் படிமம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் வீணை, தலையாட்டி பொம்மை, 2025-இல் சேர்ந்த கும்பகோணம் வெற்றிலை என்று டெல்டாவின் பட்டியல் நீளமானது. ஆனால் புவிசார் குறியீடு, ஒரு பொருளின் தரமோ பெயரோ அது பிறந்த ஊரால் வந்தது என்று சான்றளிப்பது; புதுமையை அன்று. அதைப் புத்தாக்கத்தின் எண்ணாகக் கூட்டுவது எதிர்ப்பக்கத்துப் பிழை. அதை ஒரு துணைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, அத்தொழில்களில் கடந்த இருபது ஆண்டுகளில் என்ன மாறியது என்று பட்டறைக்கே போய்க் கேட்பதுதான் வழி. அதற்கு இணையதளம் இல்லை.

ஆகவே என் மதிப்பீடு இரண்டாகப் பிரிகிறது. மாவட்டங்களை வரிசைப்படுத்தும் கருவியாக இன்பாஸை ஐந்துக்கு இரண்டுக்கு மேல் மதிப்பிட என்னால் இயலவில்லை. கண்டுபிடிப்பாளர் முகவரி, முன்னுரிமை ஆண்டு, பின்னக் கணக்கு, புதுப்பித்தல் நிலை ஆகிய நான்கையும் கையால் சேர்த்துக்கொள்ளப் பொறுமை உள்ளவருக்கு மூன்று. அத்தகைய கணக்கையும் டெல்டாவை அதற்கு முந்தைய டெல்டாவோடு ஒப்பிடவே பயன்படுத்தலாம். கோயம்புத்தூரோடு ஒப்பிடக் கூடாது, ஏனெனில் அங்கே மோட்டார் பம்பு செய்கிறவரின் வேலை காப்புரிமைக்குள் வரும், இங்கே நாற்றங்கால் முறையை மாற்றியவரின் வேலை வராது.

படிப்பதற்கான நூலகமாக எடுத்துக்கொண்டால் நான்கரை கொடுப்பேன். விண்ணப்பதாரர் தமக்குத் தெரிந்த மிகச் சிறந்த செய்முறையை விவரக்குறிப்பில் வெளிப்படுத்தியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; உலர்த்தி, களையெடுக்கும் கருவி, உமி அடுப்பு என்று எதைத் தேடினாலும் வரைபடங்களோடு பக்கம் பக்கமாக வருகிறது. நடப்பில் இல்லாத காப்புரிமையில் உள்ளதை இந்தியாவில் எவரும் செய்து விற்கலாம். ஆனால் அதே கருவியின் ஏதேனும் ஒரு பாகத்துக்கு வேறொருவரின் காப்புரிமை இன்னும் நடப்பில் இருக்கலாம் என்பதால், மின்பதிவேட்டில் அதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பாபநாசத்திலோ நீடாமங்கலத்திலோ அரிசி ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரர், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த தம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தலைப்புப் புலத்தில் தம் தொழிலுக்குரிய ஒரு சொல்லை இட்டு, தேதி வரம்பில் இருபது ஆண்டுகளுக்கு முற்பட்டவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.